அறுபத்தோராவது சுவர்

நவீன ஓவியக் கூடங்களில் மாட்டியிருக்கும் அச்சுப் படங்களை அருகே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். படத்தின் கீழே, வெள்ளை ஓரத்தில், பென்சிலால் ஒரு பின்னம் எழுதியிருக்கும்: 12/60. பக்கத்திலேயே கலைஞரின் கையெழுத்து. மொத்தம் அறுபது படிகள் அச்சிட்டோம், இது பன்னிரண்டாவது என்று அதற்குப் பொருள். அறுபத்தோராவது படி கிடையாது, இனி எந்தக் காலத்திலும் வராது என்று அந்தப் பென்சில் கோடு சத்தியம் செய்கிறது.

இந்தச் சத்தியத்தைக் கலையின் கௌரவம் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது கலையின் கௌரவமல்ல, கடையின் தந்திரம் என்பது என் கட்சி. எல்லா அச்சுக்கும் இதைச் சொல்லவில்லை. திரை அச்சு என்கிறோமே, ஸ்கிரீன் பிரிண்டிங், அதற்குச் சொல்கிறேன். கோவையிலும் திருப்பூரிலும் இருக்கிறவர்களுக்குத் திரை அச்சைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்கவும் நமக்குத்தான் முதல் உரிமை.

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம். பார்பரா ஹெப்வொர்த் என்று இங்கிலாந்தில் ஒரு சிற்பி இருந்தார். 1903இல் பிறந்து 1975இல் மறைந்தவர். கல்லையும் மரத்தையும் துளைத்து, அந்தத் துளைக்குள் வெளிச்சம் புகுந்து விளையாடும்படி செய்தவர். ஆள் உருவம், மிருக உருவம் என்று அடையாளம் சொல்ல முடியாத தூய வடிவங்களே அவருடைய சாதனை. விமான விபத்தில் 1961இல் உயிரிழந்த ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் டாக் ஹாமர்ஷீல்டின் நினைவாக அவர் செய்த ‘ஒற்றை வடிவம்’ என்ற வெண்கலச் சிற்பம், 21 அடி உயரம், 1964 முதல் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் முன்னால் நிற்கிறது. தெருவில் போகிற எவரும் அண்ணாந்து பார்க்கலாம். பார்க்கக் காசு இல்லை.

அதே அம்மையார் 1970ஐ ஒட்டி ‘எதிரெதிர் வடிவங்கள்’ என்று ஒரு திரை அச்சு வரிசை வெளியிட்டார். லண்டனில் கெல்ப்ரா என்ற அச்சகத்தில் அச்சானது. வடிவங்களும் நிறங்களும் தவிர வேறொன்றும் இல்லாத படங்கள். சிற்பியின் கண் காகிதத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை அவற்றில் காணலாம். எத்தனை படிகள் தெரியுமா? அறுபது!

இந்த வேடிக்கையைக் கவனியுங்கள். பல டன் வெண்கலத்தில் வார்த்த சிற்பம், இடம் பெயர்க்க முடியாதது, உலகத்துக்கே பொதுவாக நிற்கிறது. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறக்கூடிய காகிதமோ அறுபது பேருக்கு மட்டும் என்று பூட்டப்பட்டிருக்கிறது. எது வீடு தேடி வரக்கூடியதோ அதற்குத்தான் வேலி.

வேலிக்கு ஏதாவது தொழில் காரணம் உண்டா என்று பார்ப்போம். திருப்பூரில் எந்தப் பிரிண்டிங் பட்டறைக்கு வேண்டுமானாலும் போய் நில்லுங்கள். ஒரு சட்டத்தில் மெல்லிய வலைத் துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் காலத்தில் பட்டு, இப்போது பாலியெஸ்டர். அதன்மேல் வெளிச்சம் பட்டால் இறுகும் பசையைப் பூசி, படத்தின் பிலிமை வைத்து விளக்கைக் காட்டுவார்கள். படத்தின் கறுப்பு மறைத்த இடத்தில் பசை இறுகாது. தண்ணீரில் கழுவினால் அந்த இடம் மட்டும் திறந்துகொள்ளும். பிறகு சாயத்தை ஊற்றி ரப்பர் பட்டையால் ஓர் இழுப்பு. திறந்த கண்கள் வழியே சாயம் கீழே இறங்கிவிடும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை. ஐந்து நிறமென்றால் ஐந்து திரை, ஐந்து இழுப்பு. பனியனில் சிங்கம் வருவதும், மஞ்சள் பையில் ஜவுளிக்கடைப் பெயர் வருவதும், கல்யாணப் பத்திரிகையில் தங்க நிறத்தில் பிள்ளையார் வருவதும் இப்படித்தான். லண்டனில் ஹெப்வொர்த்தின் வட்டம் காகிதத்தில் இறங்கியதும் இப்படித்தான்.

இந்த வேலையில் முதல் படிக்கும் ஆயிரமாவது படிக்கும் வித்தியாசம் என்ன? மாஸ்டர் கவனமாக இருந்தால் ஒன்றுமில்லை. திரை கிழிந்தால் இன்னொரு திரை போட்டுக்கொள்ளலாம். பிலிம் அப்படியே இருக்கிறது. அறுபதோடு நிறுத்த வேண்டும் என்று திரை சொல்லவில்லை, சாயம் சொல்லவில்லை, காகிதம் சொல்லவில்லை. நிறுத்தியவன் வியாபாரி. நிறுத்திவிட்டுத் திரையைக் கழுவி உருவத்தை அழித்தும் விடுகிறார்கள், நாளைக்கு யாருக்கும் சபலம் வந்துவிடக் கூடாதல்லவா?

“சிற்பியின் வேலை ஒன்றே ஒன்றாகத்தானே இருக்கும்? அந்தப் பழக்கத்தில் அச்சையும் குறைத்துக்கொள்கிறார்” என்று ஒரு நண்பர் வாதாடுகிறார். நல்ல வாதம். அதற்குப் பதில் சொல்ல நம் சுவாமிமலைக்குப் போக வேண்டும். அங்கே ஸ்தபதி மெழுகில் உருவம் செய்கிறார். அதன்மேல் மண் அப்பிக் காய வைத்து, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் நடராஜர் வெளியே வருவார். உடைத்த அச்சில் இன்னொரு நடராஜரை வார்க்க முடியாது. மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே அங்கே ஒவ்வொரு விக்கிரகமும் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒற்றைத்தன்மையைத் தொழிலே கொடுக்கிறது. உருவம் வெளிவர வேண்டும் என்பதற்காக அச்சை உடைப்பது ஒன்று. விலை ஏற வேண்டும் என்பதற்காகத் திரையை அழிப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

காகிதத்திலும் நியாயமான எல்லை உண்டு. நமக்கு அண்டையில் சித்தூர்ச் சீமையில் 1925இல் பிறந்த கிருஷ்ண ரெட்டியைச் சொல்லலாம். சாந்திநிகேதனில் படித்து, 1940களின் பிற்பகுதியில் சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்து, லண்டனில் ஹென்றி மூரிடமும் பாரிஸில் ஸாட்கினிடமும் சிற்பம் பயின்றவர். பாரிஸில் ஹேய்ட்டரின் ‘அட்லியே 17’ என்ற பட்டறையில் அவர் சேர்ந்தபோது, அச்சுத் தகட்டையே சிற்பமாகச் செதுக்கினார். தகட்டில் மேடும் பள்ளமும் பல அடுக்குகள். எண்ணெய் கூட்டியும் குறைத்தும் கலந்த மைகள். மெத்தென்ற உருளை பள்ளத்தைத் தொடும், கடினமான உருளை மேட்டை மட்டும் தொடும். ஒரு மை இன்னொரு மையை ஏற்காமல் விலக்கும். இப்படி ஒரே தகட்டில், ஒரே அழுத்தத்தில் பல நிறங்கள் வந்துவிடும். 1963இல் அவர் செய்த ‘சுழல்’ என்ற படம் இந்த முறையின் பெருமையைச் சொல்லும். ஒவ்வொரு படிக்கும் தகட்டை முழுக்கத் துடைத்து, முதலிலிருந்து மையிட வேண்டும். ஒன்று மற்றொன்றைப் போல் இருப்பதில்லை. அழுத்த அழுத்தத் தகடும் தேயும். அங்கே எண் போடுவதற்கு அர்த்தம் இருக்கிறது. மனித உழைப்பின் எல்லையை அது சொல்கிறது. 2018இல் காலமான அந்தப் பெரியவரின் பென்சில் பின்னத்தை நான் வணங்குகிறேன். அதே பின்னத்தைத் திரை அச்சின் கீழே பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பட்டுப்பூச்சியின் நூலுக்குச் சொல்ல வேண்டிய விலையை நைலான் நூலுக்குச் சொல்வது போன்ற காரியம் அது.

எண் போடுவது தொன்றுதொட்டு வந்த மரபு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜெர்மனியில் ட்யூரர் 1498இல் மரக்கட்டையில் செதுக்கிய படங்களை அச்சிட்டார். அவருடைய மனைவி சந்தைகளுக்குக் கொண்டுபோய் விற்றார். அதில் எண் இல்லை. ரெம்பிராண்ட் தம் செப்புத் தகட்டுப் படங்களுக்கு எண் போடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புகைப்படமும் இயந்திர அச்சும் வந்து படம் என்பது மலிந்துபோன பிறகுதான், “இது அதுவல்ல” என்று காட்டிக்கொள்ள இந்தப் பென்சில் நாகரிகம் பரவியது. திரை அச்சு கலைஞர்களின் கைக்கு வந்தபோது அதற்குப் பெயரும் மாற்றினார்கள். 1940ஐ ஒட்டி அமெரிக்காவில் கார்ல் ஸிக்ராசர் என்பவர் ‘செரிகிராஃப்’ என்று ஒரு நாமகரணம் செய்தார். பட்டு என்ற பொருளில் ஒரு சொல், எழுதுவது என்ற பொருளில் ஒரு சொல், இரண்டையும் ஒட்டி ஒரு பெயர். எதற்கு? சோப்புப் பெட்டிக்கு அச்சடிக்கிறவன் செய்வதும் இதுவும் ஒன்றல்ல என்று சொல்வதற்கு. தொழில் ஒன்றுதான். பூணூல் மட்டும் புதிது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு, கலைஞன் பிழைக்க வேண்டாமா என்பது. கட்டாயம் பிழைக்க வேண்டும். எழுதிப் பிழைக்கிறவன் நான். இந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். படி ஐம்பதாயிரம் ரூபாய் என்று அறுபது படிகள் விற்றால் முப்பது லட்சம். படி ஐந்நூறு ரூபாய் என்று ஆறாயிரம் விற்றாலும் அதே முப்பது லட்சம். காகிதமும் சாயமும் கூலியும் கூடும் என்பீர்கள். சரி, எழுநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் சினிமாவுக்குப் போய் வரும் செலவு. கலைஞனுக்குக் கிடைப்பது குறையவில்லை. அவனைப் பார்க்கும் சுவர்கள் நூறு மடங்கு பெருகிவிட்டன. ஆறாயிரம் பேர் வாங்குவார்களா என்று கேட்கலாம். விற்றுப் பார்த்தவர் எத்தனை பேர் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதை நமக்குத் தெரிந்ததுதான். கே.சி.எஸ். பணிக்கரைச் சுற்றியிருந்த இளம் ஓவியர்களும் சிற்பிகளும், ஓவியம் விற்காத காலத்தில், பாத்திக் துணிகள் செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்துக் கடலோரத்தில் நிலம் வாங்கி 1966இல் குடியேறினார்கள். ஓவியத்தை வாங்காத நம் ஜனங்கள் துணியை வாங்கினார்கள். கலைஞன் கைப்பட்ட பொருள், கைக்கு எட்டும் விலையில் வந்தால் வீட்டுக்குள் வரவேற்பு உண்டு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

இரண்டாவது மறுப்பு, மலிந்தால் தரம் கெடும் என்பது. ரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு அனுப்பினாரே, கடைசியில் என்ன ஆயிற்று, எல்லாம் காலண்டர் படமாகப் போய்விட்டது என்பார்கள். காலண்டர் என்று சொல்லும்போதே உதட்டைப் பிதுக்குவார்கள். நான் பிதுக்க மாட்டேன். கோவில்பட்டி கொண்டையராஜு, சென்னைக் கலைப் பள்ளியில் பயின்றவர், காலண்டருக்கு வரைந்து கோடிக்கணக்கான சுவர்களுக்குப் போனார். நவீன கலைஞர்கள் அந்தச் சுவரை அற்பம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்கிய இடத்தை நகைக்கடைக்காரரும் உரக் கம்பெனிக்காரரும் எடுத்துக்கொண்டார்கள். காலியாக விட்ட காட்டில் வேலிக்காத்தான் முளைத்தால் காட்டின் மேல் பழி சொல்லலாமா? மலிந்ததால் தரம் கெடவில்லை. தரமுள்ளவர்கள் மலிய மறுத்ததால்தான் சுவர் கெட்டது.

மூன்றாவது மறுப்பு இன்னும் நயமானது. “அரூபப் படம் எல்லாருக்கும் புரியாதே, அறுபது பேர் போதாதா?” என்பது. ஐயா, நம் வீட்டுக் கல்யாணங்களில் விரித்த பவானி ஜமக்காளத்தை நினைத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக ஓடும். அந்தப் பட்டை எதைக் குறிக்கிறது என்று எந்தச் சம்பந்தியாவது கேட்டதுண்டா? பச்சைக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்கும், எது உதைக்கும் என்பது நெகமம் சேலை எடுக்கிற பாட்டிக்குத் தெரியும். நம்முடைய ஜனங்களுக்கு அரூபம் அந்நியமில்லை. சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் வைத்து, கீழே ஒரு பின்னத்தையும் எழுதி, பயமுறுத்தும் விலையும் சொன்ன பிறகுதான் அது அந்நியமாகிறது. பயந்தவனுக்கு எதுதான் புரியும்?

ஆனால் குற்றம் முழுவதையும் வியாபாரியின் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. அவன் விற்பது அருமையை, வாங்குகிறவர்கள் நம்மவர்கள். நம் ஊரில் படம் வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி நிறத்தைப் பற்றியதல்ல. “ஏனுங்க, இதை வாங்கிப் போட்டா நாளைக்கு வெலை ஏறுமுங்களா?” என்பதுதான். சரவணம்பட்டியில் சைட் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வியை வட்டத்தைப் பார்த்துக் கேட்கிறோம். ஏறும் என்று சொன்னால் முகம் மலர்கிறது. இன்னும் ஐம்பத்தொன்பது பேரிடம்தான் இருக்கிறது என்றால் நெஞ்சு நிமிர்கிறது. அடுத்தவன் வீட்டில் இல்லை என்பதுதான் இந்தச் சந்தோஷத்தின் சாரம். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? பிறர் பசித்திருந்தால்தான் எனக்குச் சாப்பாடு ருசிக்கும் என்கிறவனை நாம் ரசிகன் என்று சொல்வதில்லை. அவனுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த விஷயம் பளிச்சென்று தெரியும். ஒரு நாவல் வாரப் பத்திரிகையில் வருகிறது. பிறகு புத்தகமாகிறது, பிறகு மலிவுப் பதிப்பாகிறது. வாடகை நூல் நிலையத்தில் அட்டை கிழிந்து கை மாறுகிறது. அறுபத்தோராவது வாசகருக்குக் கதாநாயகியின் கண்ணீர் குறைத்து வழங்கப்படுவதில்லை. “என் நாவலை அறுபது படிகள் அச்சிட்டு, எண் போட்டு, அச்சுக் கோத்த எழுத்துகளை உருக்கிவிட்டேன்” என்று ஓர் எழுத்தாளன் சொன்னால் அவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பி வைப்போம். அதையே சிற்பி காகிதத்தில் செய்தால் எட்டி நின்று கும்பிடுகிறோம். திரை அச்சுக்கு முன்னால் ‘அசல்’ என்று தனியாக ஓர் ஓவியம் இருந்து, அதைப் பார்த்து நகல் எடுத்ததாகவும் இல்லை. அந்தக் காகிதமேதான் படைப்பு. எல்லாப் படியும் அசல். புத்தகத்தைப் போலவேதான்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பென்சில் வரியில் எண்ணுக்கு இடம் இருக்கிறது, கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. அச்சிட்டவன் பெயருக்கு மட்டும் பெரும்பாலும் இடமில்லை. கெல்ப்ரா அச்சகத்தை நடத்திய கிரிஸ் பிரேட்டர் வணிகத் திரை அச்சுத் தொழிலிலிருந்து வந்தவர். பவுலோட்ஸி என்ற இன்னொரு சிற்பி 1965இல் தத்துவ ஞானி விட்கென்ஸ்டைனை மனத்தில் வைத்துச் செய்த பன்னிரண்டு திரை அச்சுகளும் அவர் பட்டறையில் பிறந்தவைதான். அவையும் 65 படிகளோடு நின்றன என்பது வேறு சங்கதி. கலைஞர் வெட்டி ஒட்டிய காகிதத்தைத் திரையாக மாற்றி, நிறத்தை நிறத்தோடு மயிரிழை பிசகாமல் பொருத்தியது அவர் கை. 1980இல் லண்டன் டேட் கலைக்கூடம் அந்த அச்சகத்தின் பெயரிலேயே ஒரு கண்காட்சி வைத்தது. நல்ல முன்னுதாரணம். நம் திருப்பூரில் எட்டு நிறத்தை ஒரு நூல் பிசகாமல் போடுகிற மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் பனியனிலும் இல்லை; கலைஞரோடு கூடி வேலை செய்யும் நாள் வந்தால் அந்தக் காகிதத்திலாவது இருக்கட்டும். எத்தனை படிகள் என்று எழுதிய இடத்தில் யார் அச்சிட்டது என்று எழுதலாம். அது உபயோகமான தகவல்.

நான் கேட்பது அதிகமில்லை. கிருஷ்ண ரெட்டியின் வழியில் தகட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எண் போட்டுக்கொள்ளட்டும். கல்லையும் செம்பையும் கையால் செய்கிறவர்கள் ஒன்றே ஒன்று செய்யட்டும். திரையைக் கையில் எடுக்கிற கலைஞர் மட்டும், அதை எடுத்த காரணத்துக்கு விசுவாசமாக இருக்கட்டும். திரை பெருக்குவதற்காகப் பிறந்த கருவி. பெருக்க மனமில்லாதவர் தூரிகையை எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் போன்ற இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம். பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறோம். திரும்பும்போது ஆளுக்கொரு நல்ல தாளைச் சுருட்டி எடுத்துவர முடிந்தால், பள்ளிக்கூடத்துப் பிள்ளை தினமும் சாப்பிடும்போது அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தால், பத்து வருஷத்தில் இந்த ஊரின் கண்ணே மாறிவிடாதா?

மோட்டாரையும் பம்பையும் ஊர் ஊராக அனுப்பிய பூமி இது. 1950களில் இங்கே உருவான வெட் கிரைண்டர் இன்று எந்தச் சமையலறையில் இல்லை? அதை அறுபதோடு நிறுத்திப் பெண்களை ஆட்டுக்கல்லிலேயே உட்கார்த்தி வைத்திருந்தால், அந்த அறுபதின் விலை ஏறியிருக்கும் என்பது உண்மைதான். ஒருவரும் அப்படி நினைக்கவில்லை. நல்ல பொருள் என்றால் நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இந்த மண்ணில் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லாத புத்தி. அந்தப் புத்தியைக் கலைக்கூடத்தின் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம். இனிமேல் கழற்றாமல் போவோம். பின்னத்தைக் காட்டி விலை சொல்கிறவரிடம், “அறுபத்தோராவது எங்கேங்க?” என்று கேட்போம்.